கணிதப் போட்டிகளில் மாணவரையும் ஆசிரியரையும் பாராட்டுவது எப்படி: மதுரை வட்டாரப் பள்ளிகளுக்கு ஒரு வழிகாட்டி

பரிசளிப்புக்கான வேலை வினாத்தாள் தயாரிப்பதற்கு முன்பே தொடங்க வேண்டும். மதுரையிலும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டிப் பக்கங்களிலும் பள்ளிகளும் கல்லூரிக் கணிதத் துறைகளும் நடத்தும் போட்டிகளில் பொதுவாக நடப்பது இதுதான்: விடைத்தாள் திருத்தி முடிந்தபிறகு முதல் மூன்று பேருக்குக் கோப்பை, மற்ற எல்லோருக்கும் ஒரே மாதிரி பங்கேற்புச் சான்றிதழ், ஆசிரியர்களுக்குக் கடைசியில் மொத்தமாக ஒரு கைதட்டல். நான்காவதாக வந்த பிள்ளை என்ன சாதித்தாள் என்று அவளுக்கே தெரியாது. மிகக் கடினமான கணக்கை ஒருவன் மட்டும் போட்டிருப்பான். மொத்த மதிப்பெண்ணில் பின்தங்கியதால் அவன் பெயரே மேடையில் வராது. அவனுக்கு ஆறாம் வகுப்பில் முதன்முதலில் ஒரு புதிர்க் கணக்கைக் கொடுத்த ஆசிரியைக்குப் போட்டி நடந்த செய்தியே போய்ச் சேராது.

இதைச் சரிசெய்யப் பெரிய பணம் தேவையில்லை. யார், எதை, எப்படிச் செய்தார் என்று துல்லியமாகச் சொல்லும் ஏற்பாடு இருந்தால் போதும்.

சுற்றறிக்கையிலேயே எழுத வேண்டியவை

எந்த வகுப்புகள் எந்தப் பிரிவில் வருகின்றன என்பதை முதலில் எழுதுங்கள். 1965-ல் தொடங்கப்பட்ட இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் தேசியக் கணிதத் திறன் போட்டியில் 5-6, 7-8, 9-10, 11-12 என்று இரண்டிரண்டு வகுப்புகளாகப் பிரிவுகள் இருக்கின்றன. உள்ளூர்ப் போட்டிக்கும் அது நல்ல அளவு. மூன்று வகுப்புகளை ஒரே பிரிவில் சேர்த்தால் கீழ் வகுப்புப் பிள்ளைகள் பாடத்திட்டத்தாலேயே தோற்றுப்போவார்கள்.

அடுத்து, பரிசு வகைகளையும், சம மதிப்பெண் வந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் சுற்றறிக்கையிலேயே அச்சிடுங்கள். முடிவு தெரிந்தபிறகு வகுக்கும் விதி எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், இழந்தவருக்கு அது தனக்கு எதிராகப் போட்ட விதியாகத்தான் தெரியும்.

மதிப்பெண்ணிலிருந்து பதக்கத்துக்கு

முதல், இரண்டாம், மூன்றாம் பரிசு என்ற முறை ஓட்டப் பந்தயத்துக்குப் பொருந்தும். கணிதப் போட்டிக்கு அதைவிட நல்ல முறை ஒன்று பல்லாண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. 1959-ல் ருமேனியாவில் தொடங்கிய சர்வதேசக் கணித ஒலிம்பியாட்டில் 6 கணக்குகள், ஒவ்வொன்றுக்கும் 7 மதிப்பெண், மொத்தம் 42. பங்கேற்றவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பதக்கம் உண்டு. தங்கம், வெள்ளி, வெண்கலம் ஆகியவை 1:2:3 என்ற விகிதத்தில் வரும்படி எல்லை மதிப்பெண்களை வகுக்கிறார்கள். பதக்கம் கிடைக்காதவர் ஏதாவது ஒரு கணக்கில் 7-க்கு 7 வாங்கியிருந்தால் அவருக்குச் சிறப்புப் பாராட்டு உண்டு. அங்கே ஒரு தங்கத்துக்கும் இன்னொரு தங்கத்துக்கும் வேறுபாடு கிடையாது.

இதை உள்ளூருக்குக் கொண்டுவருவது எளிது. ஒரு பிரிவில் 120 பேர் எழுதினார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாதி 60. அதை 1:2:3 என்று பிரித்தால் 10 தங்கம், 20 வெள்ளி, 30 வெண்கலம். இப்போது மதிப்பெண்களை இறங்குவரிசையில் அடுக்குங்கள். 9-ஆம் இடத்திலிருந்து 13-ஆம் இடம் வரை ஐந்து பேரும் 31 வாங்கியிருந்தால் 10-ஆம் இடத்தில் கோடு போட முடியாது. எல்லையை 31-இல் வைத்தால் தங்கம் 13. 32-இல் வைத்தால் தங்கம் 8. இரண்டில் எதைத் தேர்ந்தாலும் சரிதான். ஆனால் பெயர்களைப் பார்க்காமல், குறியீட்டு எண்களை மட்டும் வைத்து அதை முடிவு செய்ய வேண்டும். பெயரும் பள்ளியும் தெரிந்தபிறகு எல்லை வகுக்க உட்கார்ந்தால், அறியாமலேயே கை ஒரு பக்கம் சாயும்.

தரவரிசை கட்டாயம் வேண்டும் என்று நிர்வாகம் கேட்டால், சம மதிப்பெண்ணுக்கு ஒரே இடம் கொடுத்து அடுத்த எண்ணைத் தாண்டுங்கள்: 1, 2, 2, 4. குலுக்கல் போடாதீர்கள், பிறந்த தேதியைப் பார்க்காதீர்கள். பிரித்தே தீர வேண்டுமென்றால், மிகக் குறைந்த பேர் தீர்த்த கணக்கில் யாருக்கு அதிக மதிப்பெண் என்று பாருங்கள். அது கணிதத்துக்குள்ளேயே இருக்கும் அளவுகோல்.

திருத்தும் முறை சரியில்லாவிட்டால் இதெல்லாம் வீண். முதல் கணக்கை எல்லாத் தாள்களிலும் ஒரே இருவர் திருத்த வேண்டும். இரண்டாம் கணக்கை வேறு இருவர். ஒருவர் ஒரு விடைத்தாள் கட்டு முழுவதையும் எடுத்துப்போய்த் திருத்தினால், கை தாராளமான ஆசிரியரிடம் போன கட்டில் பதக்கங்கள் கூடிவிடும். முழுத் தீர்வுக்கு 7, கூட்டலில் சறுக்கியது போன்ற சிறு பிழைக்கு 6, சரியான திசையில் எடுத்து வைத்த முதல் அடிக்கு 1 அல்லது 2 என்று வையுங்கள். பாதிவரை வந்ததற்கு 4 கொடுக்கும் பழக்கம் பள்ளித் தேர்விலிருந்து வருவது. அப்படிக் கொடுத்தால், இரண்டு கணக்குகளைப் பாதிப் பாதியாக விட்டவர் 8 வாங்கி, ஒரு கணக்கை முழுதாக நிறுவியவரின் 7-ஐத் தாண்டிவிடுவார். போட்டி எதை மதிக்கிறது என்ற செய்தியே தலைகீழாகிவிடும்.

அந்தச் சிறப்புப் பாராட்டைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். மற்ற ஐந்து கணக்குகளில் பூஜ்யம் வாங்கி, ஒன்றை மட்டும் அப்பழுக்கில்லாமல் முடித்த பிள்ளைக்குத்தான் பாராட்டு மிக அதிகமாகத் தேவைப்படுகிறது.

வயதுக்கு மீறிய சாதனைக்குத் தனி இடம் கொடுப்பதும் நல்லது. அமெரிக்காவில் நடக்கும் ஏ.எம்.சி. 10 என்ற போட்டி பத்தாம் வகுப்பு வரைக்கானது. அதில் எட்டாம் வகுப்போ அதற்குக் கீழோ படிக்கும் மாணவர் 150-க்கு 90 எடுத்தாலே தனிச் சான்றிதழ் தருகிறார்கள். 9-10 பிரிவில் துணிந்து எழுத வரும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நீங்களும் இப்படி ஒரு எல்லையை முன்கூட்டியே அறிவிக்கலாம்.

ஒரு வரிக் குறிப்பு

1904-ல் கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் ராமானுஜனுக்குக் கே. ரங்கநாத ராவ் பெயரிலான கணிதப் பரிசு வழங்கப்பட்டபோது, தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் இந்த மாணவருக்கு முழு மதிப்பெண்ணும் போதாது என்ற பொருள்பட அறிமுகப்படுத்தினார். நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தச் சொல் நினைவில் இருப்பதற்குக் காரணம், அது அந்த ஒரு மாணவருக்கு மட்டுமே பொருந்தியது என்பதுதான். "சிறந்த மாணவர், மென்மேலும் வளர வாழ்த்துகள்" என்பது யாருக்கும் பொருந்தும். அதனால் யார் மனத்திலும் தங்காது.

எனவே பதக்கமோ சிறப்புப் பாராட்டோ பெறும் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வரி எழுதுங்கள். திருத்துகிறவர் அந்தத் தாள் கையில் இருக்கும்போதே எழுத வேண்டும். பிறகு நினைவிலிருந்து எழுத முடியாது. மதிப்பெண் பட்டியலில் கடைசியாக ஒரு அகலமான கட்டம் விட்டால் போதும். அந்த வரியில் எந்தக் கணக்கு, மாணவர் எடுத்த வழி, மற்றவர்கள் அங்கே எப்படித் தடுமாறினார்கள் என்ற மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இரண்டு உதாரணங்கள்:

"1 முதல் 100 வரையுள்ள எண்களில் எந்த 51-ஐ எடுத்தாலும் இரண்டு அடுத்தடுத்த எண்கள் வரும் என்பதை, (1, 2), (3, 4) என 50 ஜோடிகளாகப் பிரித்து மூன்றே வரியில் நிறுவினார்."

"100 தொடர்பெருக்கத்தின் (1 × 2 × 3 × … × 100) கடைசியில் எத்தனை பூஜ்யங்கள் என்ற கணக்கில் 5-இன் மடங்குகளை மட்டும் எண்ணி 20 என்று நிறுத்தாமல், 25, 50, 75, 100 ஒவ்வொன்றும் இன்னொரு 5 தரும் என்று கண்டு 24 என எழுதினார்."

மேடையில் இதை வாசிக்கும்போது கீழே உட்கார்ந்திருக்கும் மற்ற பிள்ளைகளும் "அட, அப்படியா!" என்று கணக்குக்குள் வருவார்கள். பெற்றோருக்குக் கணக்கு புரியாமல் போகலாம். தங்கள் பிள்ளை ஒரு குறிப்பிட்ட காரியத்தைச் செய்திருக்கிறாள் என்பது நன்றாகவே புரியும்.

சான்றிதழ்

பெயர்ப் பிழையைப் போல மனத்தைப் புண்படுத்துவது வேறில்லை. பள்ளியின் எமிஸ் (கல்வித் துறையின் மாணவர் விவரத் தளம்) பதிவில் உள்ளபடி தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரைக் கேட்டு வாங்குங்கள். தலைப்பெழுத்தில்தான் அதிகத் தவறு நடக்கும்: தமிழில் "மு." என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுகிறார்கள் என்று நாமே ஊகிக்கக் கூடாது. அச்சுக்குப் போகும் முன் பட்டியலைப் பள்ளிக்குத் திருப்பி அனுப்பி, மாணவரே பார்த்துக் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டால் தொல்லையில்லை. இதற்குப் பத்து நாளாவது ஒதுக்குங்கள்.

சான்றிதழில் போட்டியின் முழுப் பெயர், நடத்தியவர், தேதி, பிரிவு, எழுதியவர்களின் மொத்த எண்ணிக்கை, பெற்ற பதக்கம், அந்த ஒரு வரிக் குறிப்பு, வரிசை எண், கையெழுத்து ஆகியவை இருக்க வேண்டும். மொத்த எண்ணிக்கையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 8 பேரில் வெள்ளியும் 120 பேரில் வெள்ளியும் ஒன்றல்ல. ஏ4 அளவில் 250 முதல் 300 ஜி.எஸ்.எம். அட்டை போதும். நூற்றுக்கு ஐந்து வீதம் வெற்று அட்டை கூடுதலாக வாங்கி வையுங்கள். லேமினேஷன் வேண்டாம், பின்னால் முத்திரையோ சான்றொப்பமோ அதன்மேல் வைக்க முடியாது. பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுங்கள்.

பரிசுப் பொருள்

கேடயம் ஒன்றிரண்டு இருக்கட்டும், பள்ளிக்குப் போகும் சுழற்கேடயமாக. மாணவருக்குப் புத்தகமும் நல்ல தாளில் கோடில்லாத தடித்த நோட்டும் மேல். பதக்கம் பெற்றவர் எந்த வகுப்பு, எந்த மொழி வழி என்று பார்த்து வாங்குங்கள். பணமாகக் கொடுப்பதென்றால் மாணவரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். மேடையில் உறை கொடுக்க வேண்டாம்.

ஆசிரியர்கள்

இதைத்தான் நம் ஊரில் மிக மோசமாகச் செய்கிறோம். "அதிகப் பரிசு வென்ற பள்ளியின் கணித ஆசிரியருக்கு விருது" என்று வைத்தால், நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கும் பள்ளிக்கே வருடா வருடம் போகும். ஐந்து கிலோமீட்டர் சுற்றளவிலிருந்து வருகிற எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும் ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஆசிரியரின் உழைப்பை அந்த எண் காட்டாது. அதோடு, பதக்கம் வாங்கக்கூடிய நாலு பேரை மட்டும் அனுப்பிவிட்டு மற்றவர்களை ஆசிரியர் வடிகட்டவும் அது காரணமாகும்.

பதக்க எண்ணிக்கைக்குப் பதிலாக இரண்டு எண்களைப் பாருங்கள்: அந்தப் பள்ளியிலிருந்து எழுத வந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் ஒரு கணக்கையாவது முழுதாகத் தீர்த்தவர்கள் எத்தனை பேர். அவற்றை அதே பள்ளியின் சென்ற ஆண்டு எண்களோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஒரு பள்ளியிலிருந்து 40 பேர் எழுதி 12 பேருக்குப் பதக்கம், போன வருடமும் அதே கணக்கு. இன்னொரு பள்ளியிலிருந்து போன வருடம் 2 பேர், இந்த வருடம் 9 பேர், அவர்களில் 5 பேர் ஒரு கணக்கை முழுதாக முடித்திருக்கிறார்கள், பதக்கம் ஒன்றுகூட இல்லை என்று வையுங்கள். முதல் பள்ளியின் மாணவர்களுக்குப் பன்னிரண்டு பதக்கங்களும் உரியவை. ஆசிரியருக்கான பாராட்டு இரண்டாவது பள்ளிக்கு உரியது.

அடுத்தது, விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் அச்சிட வேண்டிய ஒரு கேள்வி: "இப்படிப்பட்ட கணக்குகளில் உனக்கு ஆர்வம் வரக் காரணமானவர் யார்? அவர் பெயர், அவரை எங்கே சந்தித்தாய்?" இதற்கு மதிப்பெண் கிடையாது என்பதையும், விருப்பமிருந்தால் மட்டும் எழுதலாம் என்பதையும் அதன் கீழேயே போடுங்கள். இதற்கு முன்மாதிரி உண்டு: அமெரிக்கக் கணிதச் சங்கம் ஒன்று ஏ.எம்.சி. போட்டிகளை ஒட்டி ஆசிரியர்களுக்கு வழங்கும் ஈடித் மே ஸ்லிஃப் விருதில் மாணவர்களின் பரிந்துரைக்கு இடம் இருந்திருக்கிறது. இங்கே கேட்டால் வரும் பதில்களில் இப்போதைய வகுப்பு ஆசிரியர் மட்டும் இருக்க மாட்டார். ஐந்தாம் வகுப்பு டீச்சர், பெற்றோர் ஆசிரியர் கழகம் நியமித்த தற்காலிக ஆசிரியர், இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக வந்த பக்கத்துத் தெரு அக்கா, கல்லூரியில் படிக்கும் சொந்த அண்ணன் என்று வருவார்கள். பள்ளியிடம் பெயரைச் சரிபார்த்துக்கொண்டு, பதக்கம் பெறும் மாணவர் எழுதிய அந்த மனிதருக்கும் அழைப்பு அனுப்புங்கள். வேறு பள்ளிக்கு மாறுதலாகிப் போயிருந்தாலும் தேடி அனுப்புங்கள். இந்த ஒரு வேலைக்காகவே ஒருவரைத் தனியாக ஒதுக்குவது தகும்.

போட்டிக்குக் கேள்வி உருவாக்கியவர்களையும் திருத்தியவர்களையும் மறக்க வேண்டாம். தேசிய கணிதப் போட்டிகளின் உலகக் கூட்டமைப்பு 1984-ல் தொடங்கியது. போட்டிகளை வளர்த்தெடுத்தவர்களுக்கு அது ஹங்கேரியக் கணித மேதை பால் எர்டிஷ் பெயரால் விருது வழங்குகிறது. உள்ளூரில் அதற்கு ஈடாகச் செய்யக்கூடியது: முடிவு வந்தபின் வெளியிடும் விடைக் குறிப்பேட்டில், ஒவ்வொரு கணக்கின் கீழும் அதை உருவாக்கிய ஆசிரியரின் பெயரை அச்சிடுவது. பாடநூலைத் தாண்டி ஒரு புதுக் கணக்கு யோசிப்பது எவ்வளவு பாடு என்று கணக்கு வாத்தியார்களுக்குத் தெரியும்.

என்ன கொடுப்பது என்பதில் ஒரு எச்சரிக்கை. அரசு ஊழியர் நடத்தை விதிகள் பரிசு பெறுவதைக் கட்டுப்படுத்துகின்றன. அரசுப் பள்ளி ஆசிரியருக்கு ரொக்கமோ விலையுயர்ந்த பொருளோ கொடுத்தால் அவருக்கே அது சங்கடமாகும். பாராட்டுக் கடிதமும், அவர் தேர்ந்தெடுக்கும் புத்தகங்களை அவருடைய பள்ளி நூலகத்துக்கு வழங்குவதும் நல்ல வழி. கடிதத்தைத் தலைமையாசிரியருக்கு முகவரியிட்டு, நகலை முதன்மைக் கல்வி அலுவலருக்கும் ஆசிரியருக்கும் அனுப்புங்கள். "தங்கள் பள்ளி ஆசிரியரின் சேவை பாராட்டுக்குரியது" என்று முடிக்காமல் எண்களை எழுதுங்கள்: எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் முழுத் தீர்வு கண்டார்கள், எந்த மாணவர்கள் அவர் பெயரைக் குறிப்பிட்டார்கள். பணிப் பதிவுகளோடு வைத்துக்கொள்ள அந்தக் கடிதம்தான் உதவும்.

விழா நாள்

ராமானுஜன் பிறந்த டிசம்பர் 22 தேசியக் கணித நாள் என்பதால் அன்றே வைக்க எல்லோருக்கும் ஆசை. ஆனால் பெரும்பாலும் அது அரையாண்டுத் தேர்வு நேரம். பிப்ரவரி, மார்ச் மாதங்களைச் செய்முறைத் தேர்வும் பொதுத்தேர்வும் எடுத்துக்கொள்ளும். தை பிறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைதோறும் கல்யாணம்; பெற்றோர் வர மாட்டார்கள். அரையாண்டு விடுமுறை முடிந்து பொங்கலுக்கு முன் வரும் சனிக்கிழமைதான் மதுரைக்கு ஏற்ற நாள். மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் மண்டபமும் எளிதாகக் கிடைக்கும்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது பேருந்தைப் பாருங்கள். மேலூர்ப் பக்கத்தவர் மாட்டுத்தாவணியிலும் உசிலம்பட்டிப் பக்கத்தவர் ஆரப்பாளையத்திலும் வந்து இறங்குவார்கள். தல்லாகுளம், கோரிப்பாளையம் சுற்றுவட்டாரம் இருவருக்கும் டவுன் பஸ்ஸில் எட்டும். காலை 10 மணிக்குத் தொடங்கி 12:30-க்குள் முடியுங்கள். தினக்கூலிக்குப் போகும் பெற்றோர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். சிறப்பு விருந்தினருக்காக அவர்களை ஒரு மணி நேரம் காக்க வைப்பது முறையல்ல.

பதக்கம் 60, சிறப்புப் பாராட்டு 15 என்றால் 75 பேர். ஒருவருக்கு 25 விநாடி வைத்தாலும் முப்பத்திரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு வரிக் குறிப்பை வாசிக்க அதுவே போதும். அதற்குச் சான்றிதழ்கள் அழைக்கும் வரிசையிலேயே அடுக்கப்பட்டிருக்க வேண்டும், அடுத்த ஐந்து பேர் படிக்கட்டருகே நிற்க வேண்டும். மாணவர் மேடையேறும்போது அவர் குறிப்பிட்ட ஆசிரியரையும் கூடவே அழையுங்கள். இருவரும் சேர்ந்து நிற்கும் படம்தான் வேண்டும். பொன்னாடை வாங்கியிருந்தால் முதலில் ஆசிரியர்களுக்குப் போர்த்துங்கள். உரைகள் பரிசுக்குப் பின்னால் வரட்டும், தலைக்குப் பத்து நிமிடம்.

குறைந்த மதிப்பெண் பட்டியலை எங்கும் ஒட்டாதீர்கள். பதக்கம் பெறாதவரின் மதிப்பெண்ணை அவரிடம் மட்டும் தாருங்கள். புகைப்படத்தை வெளியிட, விண்ணப்பத்திலேயே பெற்றோரின் ஒப்புதலைக் கேட்டு வாங்குங்கள். பிளக்ஸ் வைப்பதானால் பெயர், வகுப்பு, பள்ளி என்பதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

வெளிப் போட்டிகளில் வென்றவர்களை அறிவிக்கும்போது

"ஒலிம்பியாட்" என்ற பெயரில் தனியார் தேர்வுகள் பல இருப்பதால், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அறிவிக்கும் முன் எந்தத் தேர்வு, எந்தக் கட்டம் என்று சரிபாருங்கள். சர்வதேச ஒலிம்பியாட்டுக்கான இந்தியப் பாதை ஐ.ஓ.கியூ.எம். என்ற தகுதித் தேர்வில் தொடங்குகிறது: 3 மணி நேரம், 30 கேள்விகள், 2, 3, 5 மதிப்பெண்ணில் பத்துப் பத்தாக மொத்தம் 100. அதைத் தாண்டியவர் வட்டார அளவிலான ஆர்.எம்.ஓ.வுக்கும், அதிலிருந்து தேசிய அளவிலான நான்கரை மணி நேர ஐ.என்.எம்.ஓ.வுக்கும், பிறகு பயிற்சி முகாமுக்கும் போவார். முகாமிலிருந்து ஆறு பேர் தேர்வாகி நாட்டுக்காக எழுதுவார்கள். இந்தியா 1989 முதல் பங்கேற்கிறது. ஆர்.எம்.ஓ. எழுதத் தகுதி பெற்றதே பெரிய செய்தி. "ஒலிம்பியாட்டில் வெற்றி" என்று மொட்டையாகச் சொன்னால் அதன் மதிப்பு கூடுவதில்லை, குழப்பம்தான் கூடும். ஐ.ஓ.கியூ.எம்.மில் விடை எண் மட்டுமே கேட்பதால் மாணவரின் வழிமுறை யாருக்கும் தெரியாது. தேர்ச்சி பெற்றவரைத் தன் பள்ளியிலேயே ஒரு கணக்கைக் கரும்பலகையில் போட்டு விளக்கச் சொல்லுங்கள்.

விழாவுக்குப் பிறகு

ஒரு மாதத்துக்குள் விடைத்தாள்களின் நகலைப் பள்ளிகளுக்கு அனுப்புங்கள். பதக்கம் கிடைக்காதவர்களுக்கு இது கோப்பையைவிடப் பயன்படும். எந்த அடியில் வழி தவறியது என்று அவர்கள் பார்த்துக்கொள்ளலாம். வரிசை எண், பெயர், பிரிவு, பதக்கம், ஒரு வரிக் குறிப்பு, குறிப்பிடப்பட்ட ஆசிரியர் என எல்லாவற்றையும் ஒரு தடித்த பதிவேட்டில் கையாலும் எழுதி வையுங்கள், கணினிக் கோப்பு தனியாக. நான்கைந்து ஆண்டு கழித்துக் கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் "சான்றிதழ் மழையில் நனைந்துவிட்டது" என்று ஒருவர் வந்து நிற்பார். வரிசை எண்ணைப் பார்த்து "நகல்" என்று மேலே எழுதி அன்றே கொடுத்தனுப்பலாம்.